தட்டு இருக்கிறது, ஆளைக் காணோம்

'ஃபுல்' என்ற சொல்லை நம்பிக் குடும்பத்தைக் கெடுத்தவர்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. நான் கெடுத்தது அடுத்தவர் குடும்பத்தை. அதுவும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல்.

ஜமுனாமரத்தூர் பக்கம் நண்பர் ஏழுமலையின் மகளுக்குக் காதுகுத்து. போட்டோ நான் எடுக்கிறேன் என்று நானாகத்தான் முன்வந்தேன். செல்போன் கேமராவில் 'ஃபுல்' என்று ஒன்று இருந்தது. ஃபுல் என்றால் எல்லோரும் முழுசாக விழுவார்கள் — அப்படித்தானே யாரும் நினைப்பார்கள்? குடும்பத்தை வரிசையாக நிறுத்தி ஒரு படம். ஆலங்காயத்தில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டத்தோடு அனுப்பிவைத்தேன். பிரித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள்.

ஏழுமலை போன் செய்தார். "சார், எம் மச்சான் கோவிந்தன் படத்தப் பாத்துட்டு, சாப்ட்ற எலைய வுட்டு எழுந்து போய்ட்டான். தங்கச்சிகிட்டகூடப் பேச மாட்றான். எம் பொண்டாட்டி அழுதுகினே கீறா."

கோவிந்தன், குழந்தையின் தாய்மாமன். வரிசையின் ஓரத்தில், கையில் சீர்த்தட்டோடு நின்றவர். ஏழுமலையையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

"தட்டு வந்துகீது, தட்டப் புடிச்ச கை வந்துகீது, ஆளு மட்டும் வர்லியா? சீரு வேணும், மாமன் வேணாம்... அதானங்க கணக்கு? இவுரு சொல்லித்தான வெட்டுனீங்க?"

"மிஷின் வெட்டியிருக்கும்ங்க" என்றேன்.

"மிஷினுக்கு இன்னாங்க தெரியும், எது தட்டு, எது ஆளுன்னு?"

நியாயமான கேள்வி. எனக்கே ஒரு கணம் ஏழுமலை மேல் சந்தேகம் வந்தது. ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையும் சரியில்லை.

செல்போனை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஃபுல் என்றால் திரை முழுக்க, அவ்வளவுதான். படம் புடலங்காய் நீளம், தாளோ குட்டை. தாளை நிரப்ப இரண்டு ஓரத்தையும் பிரிண்ட் மிஷின் வெட்டியிருக்கிறது. மறு ஓரத்தில் போனது ஒரு புளியமரம். மரம் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆகவே, செல்போனில் நாலுக்கு மூன்று என்று வைத்து எடுங்கள். எட்டுக்கு ஆறில் பிரிண்ட் போடுங்கள். ஒரு தலை குறையாது. ஃபுல்லில்தான் எடுப்பேன் என்றால் தாளையும் நீளமாகக் கேளுங்கள். வெட்டுவது மிஷின்தான். ஆனால் மிஷினோடு யார் சண்டைக்குப் போகிறார்கள்... சொந்தக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்?

எட்டுக்குப் பதினெட்டில் மறுபடி போட்டு, பழைய படத்தோடு கோவிந்தன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் தங்கையும் கூட வந்தாள். படத்தில் கோவிந்தன் முழுசாக நின்றார். புளியமரமும் நின்றது. அவர் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தங்கையிடம், "உக்காரு, சாப்ட்டு போவ" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

மூச்சை முழுசாக விடுவதற்குள் என் பக்கம் திரும்பினார்.

"நான் வந்துட்டன், சரிங்க... சீர்த்தட்டு இன்னாத்துக்கு இத்தினி சின்னதா பூட்ச்சி?"