பட்டியலுக்கு ஓர் ஆள்

கழுவிக் காயவைத்த பால் கவருக்குள்ளிருந்து அந்தப் பாஸ்போர்ட்டை எடுத்து என் குமாஸ்தா மேஜைமேல் வைத்தார் கேன்டீன் அக்கா. கண்டியில் இந்திய அதிகாரிகள் முத்திரை குத்திக் கொடுத்தது. அவருடைய தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக்குத் தேயிலை பறிக்கப் போனவர். வெள்ளைக்காரன் நாட்டைக் கைமாற்றிவிட்டுப் போனதும், தோட்டத்து ஆட்கள் எங்கள் பிரஜைகள் இல்லை என்று இலங்கையின் புதிய அரசு கைகழுவிவிட்டது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் பிறந்து வளர்ந்து பிள்ளையும் பெற்ற பிறகுதான் அக்காவுக்கு இந்தியா அந்தப் புத்தகத்தைக் கொடுத்தது.

அது 1991. ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கொலை நடந்த வருஷம். இலங்கை ஆட்கள் யாராவது வேலை பார்த்தால் பட்டியல் அனுப்பச் சொல்லிப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கேட்டிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் அப்படி ஒருவரும் இல்லை. இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டியதுதானே? பெர்சனல் ஆபீசர் என்ற மகா மேதைக்கு அது தாங்கவில்லை. தொழிலாளியைக் கண்டால் எகிறுவார். கான்ஸ்டபிளைக் கண்டால் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பார்.

"வெறும் பேப்பர் அனுப்புனா எதையோ மறைக்கிறோம்னு நெனச்சுக்குவான்பா. கேன்டீன்ல அந்தக் கண்டிப் பொம்பள கீதே, அது பேர எழுதிடு," என்றார்.

பட்டியல் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். என்ன மூளை, என்ன மூளை!

"நான் இந்தியாக்காரிங்க, கிளாக்கரய்யா. எழுதிறாதீங்க," என்றார், விஷயம் காதில் விழுந்து பாஸ்போர்ட்டோடு வந்த அக்கா. பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பார்த்துவிட்டு, குண்டு குண்டான கையெழுத்தில் அவர் பெயரை எழுதினேன். த்தூ!

அதன்பிறகு வாரந்தோறும் அவர் ஸ்டேஷனுக்குப் போய் அகதியாகக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. இந்தியாக்காரி என்றால் கம்பெனி ஏன் உன் பெயரை அனுப்புகிறது, இது போலிதான் என்று பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். தவறுதலாக எழுதிவிட்டோம் என்று ஒரு கடிதம் கேட்டு அக்கா வந்து நின்றார். ஆபீசர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வீராதி வீரர்! நான் மட்டும் என்ன கிழித்தேன்? "நாளைக்கு வாங்கக்கா" என்றேன். மூன்று நாள் வந்தார்.

நான்காம் நாள் கடிதம் கேட்கவில்லை. "அங்க எங்க பேர எழுத மாட்டேன்னு சொல்லி நாதியத்தவங்களாக்குனாங்க. நீங்க எழுதியே ஆக்கிட்டீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அவரைக் குடும்பத்தோடு அகதி முகாமுக்கு வேனில் ஏற்றிப் போனார்கள். கேட் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆபீசர் என் தோளைத் தட்டினார்.

"பாத்தியா, நாம முன்னாடியே எழுதிக் குடுத்தது எவ்ளோ நல்லதாப் போச்சு!"

"ஆமா சார்," என்றேன்.