பத்து விரலுக்கும் சிவப்பு லைட்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே முந்திரிப்பருப்பை ஆன்லைனில் விற்றுப் பெரிய ஆளானவன் நான்தான். இப்படிச் சொல்லி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மொத்தம் விற்றது நாலு பாக்கெட். அதில் இரண்டை வாங்கியவன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த என் மச்சான். அவன் வீடு எங்களுக்கு அடுத்த தெரு. கூரியர் செலவு எதற்கு என்று நானே கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே ஒரு காபியும் குடித்துவிட்டு வந்தேன்.

எங்கள் பிழைப்பு ஆதனக்கோட்டைப் பக்கம், தஞ்சாவூர் ரோட்டோரத்தில். என் மனைவி முந்திரிக்கொட்டையைத் தகரத் தட்டில் வறுத்து, கட்டையால் தட்டி உடைத்து, பருப்பெடுத்துப் பாக்கெட் போடுவாள். நான் போகிற கார்களைப் பார்த்துக் கையை ஆட்டுவேன். பள்ளிக்கூடம் போகாதவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைக்காது.

கொட்டை வறுபடும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து குப்பென்று தீப்பிடிக்கும். கரும்புகை எழும்பும். அந்தப் புகையைக் கல்யாணமான நாளிலிருந்து அவள் விழுங்கிக்கொண்டிருக்கிறாள். போன மழைக்காலத்தில் பிடித்த இருமல் விடவேயில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் மருந்துச் சீட்டை நீட்டிவிட்டு, "மாத்திரை எத்தனை வேணா எழுதலாம்மா. மொதல்ல பொகைய விட்டு எந்திரிங்க" என்றார். எந்திரித்தால் சோறு? அதை அவர் சீட்டில் எழுதவில்லை.

வழி சொன்னவள் என் அண்ணன் மகள். காலேஜ் முடித்தவள்.

"சித்தப்பா, ரோட்டுல நின்னு கைய ஆட்டுறதுக்குப் போன்ல ஆட்டுங்க. பருப்ப மொத்தமா வாங்கி, பாக்கெட் போட்டு, ஆன்லைன்ல விக்கலாம். சித்தி அடுப்புப் பக்கமே போக வேணாம்."

போனில் அவளே ஒரு கடையைத் திறந்து கொடுத்தாள். முதல் நாலு பாக்கெட் போனது அப்படித்தான். ஆனால் பருப்பு வாங்க, பாக்கெட் ஒட்டுகிற மெஷின் வாங்க, லைசென்ஸ் எடுக்க, எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். மச்சானிடம் போனேன்.

"ஆடியில மொய் விருந்து வச்சிருங்க மச்சான். ஊரே வந்து சாப்புட்டு, பணம் எழுதிட்டுப் போகும்."

"ஊரு விருந்துல எல்லாம் கறி தின்னது நானு. எங்கயாச்சும் மொய் எழுதி நீ பாத்துருக்கியா? எனக்கு எவன் வந்து எழுதுவான்?"

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றான்.

மிச்சமிருந்தது பேங்க். மானியத்தோடு லோன் உண்டு, எட்டாவது பாஸாகியிருக்க வேண்டும் என்றார் மேனேஜர்.

"எட்டாங்கிளாஸ் வாசல்ல நின்னு ஐஸ் வித்துருக்கேன் சார்."

மேனேஜர் சிரிக்கவில்லை. நல்ல வேளையாகக் கூட வந்திருந்த என் மனைவி எட்டாவது பாஸ். அவள் பேரில் எழுதலாம் என்றார். அன்றைக்கு வீடு திரும்பும் வரை அவளை "முதலாளியம்மா" என்றே கூப்பிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்றாளே தவிர, முகத்தில் ஒரு மினுக்கம் இருந்தது.

மறுவாரம் ஆதாருக்குக் கைரேகை வைக்கக் கூப்பிட்டார்கள். கவுன்டரில் ஒரு சின்னப் பெண். பெருவிரலை வைத்தாள் மனைவி. சிவப்பு லைட்.

"கைய நல்லாத் தொடச்சிட்டு வைங்கக்கா."

முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. அடுத்த விரல், அதற்கடுத்தது, அந்தக் கை, இந்தக் கை. பத்துக்கும் சிவப்பு.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "கால்ல இன்னும் பத்து இருக்கும்மா, அதையும் வைக்கச் சொல்லவா?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கையை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கொட்டை ஒடைக்கிறீங்களாக்கா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அந்த எண்ணெ தோல அரிச்சிருச்சு. ரேகையே இல்ல."

போனுக்கு ஓ.டி.பி. நம்பர் அனுப்பி வேலையை முடிக்கலாமாம். ஆனால் ஆதாரில் இருப்பது எப்போதோ தொலைந்துபோன சிம். அதை மாற்றவும் கைரேகை வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்ட கதை. அந்தப் பெண்தான் ஒரு வழி சொன்னாள்: ஒரு மாசம் கொட்டையைத் தொடக்கூடாது, தேங்காயெண்ணெய் தடவ வேண்டும், புதுத் தோல் வந்தால் ரேகையும் வரும்.

ஆக, கட்டையை நான் எடுத்தேன். அவள் புளியமரத்தடியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா! அதென்ன பாம்பா, அந்தப் போடு போடுறீங்க?"

முழுப் பருப்புக்குத்தான் விலை. உடைந்தது பாயசத்துக்குப் போகும், பாதி விலைக்கு. நான் உடைத்ததில் முழுசாக ஒன்று கிடைத்தால் எடுத்து அவளிடம் காட்டுவேன். அவளும் பிள்ளை மார்க் வாங்கி வந்த மாதிரி தலையை ஆட்டுவாள்.

மாசம் முடிந்து மறுபடி பேங்குக்குப் போனோம். சிவப்பு லைட். மெஷின் சரியில்லை என்று நான் சத்தம் போட்டேன். கவுன்டர் பெண் என் மனைவியின் நகக்கண்ணையே பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். கொட்டையெண்ணெய்க் கறுப்பு அப்படியே இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவளே சொன்னாள்.

"நீங்க கொட்டை வாங்கப் போன அன்னைக்கெல்லாம் நாந்தான் ஒடச்சேன்."

"ஏன் அப்புடிப் பண்ணுன?"

"நீங்க ஒடச்சதெல்லாம் நொறுங்கிப் போச்சு. அத வித்து ஒரு மாசம் சாப்புட முடியுமா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி இருமிக்கொண்டே வந்தாள். கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இப்போது மறுபடி கட்டை என் கையில். புளியமரத்தடியில் அவள். உடைத்த நேரம் போக மிச்ச நேரத்தில் இதைப் போனைப் பார்த்துச் சொல்கிறேன், காதில் விழுவதையெல்லாம் அதுவே எழுதிக்கொள்கிறது. இதற்கு நடுவில் அண்ணன் மகள் இன்னொரு வழி கண்டுபிடித்தாள். புதுக்கோட்டையில் ஒரு சென்டரில் விரலே வேண்டாமாம், கண்ணைக் காட்டினால் போதுமாம். போன வாரம் கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே ஒரு பெட்டியைப் பிடித்து, "கண்ண இமைக்காமப் பாருங்கம்மா" என்றார்கள். இத்தனை வருஷப் புகை தின்ற கண். திறந்து வைத்ததுமே தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி திறந்தாள். அந்தப் பையன் பெட்டியை இன்னும் கிட்டே கொண்டுபோய்...

"ஏங்க! தட்டு பத்திக்கிருச்சு! அங்கிட்டு ஒக்காந்து என்னத்த நோண்டுறீங்க? வாரீங்களா, நான் எறக்கட்டா?"

"இரு, இரு! நீ கைய வைக்காத, ரேகை வரணும்ல! இந்தா வாரேன்."