அரிவாள் தெரிந்தால் மதுரை

டி.வி.யில் அரிவாள் தெரிந்ததும் தையல் மெஷினை மிதிக்கும் கால் நின்றுவிடும். பாதி தைத்த நைட்டியை அப்படியே விட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சௌதா திரைக்கு முன்னால் போய் நிற்பார். கதாநாயகன் யாரை அடிக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அக்கறையில்லை. வில்லனுக்குப் பின்னால் அரிவாளோடு ஓடிவரும் அடியாட்களின் முகத்தைத்தான் பார்ப்பார். "இந்த ஆளில்ல... இவனுமில்ல... அந்தா, மீசக்காரன்! செத்த நில்லேம்ப்பா, ஓடியே போயிருதான்" என்று திரையோடு சண்டை வேறு.

"ஏட்டி, வெட்டுக்குத்துன்னா நாங்கள்லாம் கண்ண மூடிக்கிடுவோம். நீ தங்கச்சி கல்யாண வீடியோ பாக்குற மாதிரில்லா பாக்க!" என்று பக்கத்து வீட்டுப் பங்கஜவல்லி கேலி செய்வார். ராஜபாளையத்தில் அவர்கள் தெருவுக்கே காரணம் தெரியும். தெரியாமல் யாராவது அளவு கொடுக்க வந்து மாட்டிக்கொண்டால், முழுக்கதையும் கேட்காமல் வீடு திரும்ப முடியாது.

மகன் ஆபித்துக்கு அப்போது இரண்டு வயது. சளி நெஞ்சில் கட்டி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கணவர் ஹபீப் ரகுமான் சவுதியில். "இன்னிக்கே மதுரைக்குக் கொண்டு போங்கம்மா" என்றார் டாக்டர். ஆம்புலன்சுக்குக் காத்திருக்க மனம் தாங்காமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணில் பட்ட மதுரை பஸ்ஸில் சௌதா ஏறிவிட்டார். அதுவரை மதுரையை அவர் நேரில் கண்டதில்லை. கண்டதெல்லாம் சினிமாவில்தான். ராத்திரியெல்லாம் விழித்த கண், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் சொருகிவிட்டது.

கிருஷ்ணன்கோவில் பக்கம் கூட்டத்தைக் கண்டு பஸ் நின்றது. திடுக்கிட்டு விழித்தால், 'மதுரை பேருந்து நிலையம்' என்று பெரிய போர்டு. கூடை கூடையாக மல்லிகை. அப்படியும் கொஞ்சம் சந்தேகம் இருந்ததாம். "பொறவு பாத்தா, நாலு பேரு அருவாளத் தூக்கிக்கிட்டு ஓடுதான். சரி, மதுரை வந்துருச்சுன்னு எறங்கிட்டேன்." சினிமா அந்த ஊரை அப்படித்தானே காட்டி வைத்திருக்கிறது! அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பஸ் போய்விட்டது. ஓடிவந்தவர்களில் முதல் ஆளை மறித்து, "அண்ணே, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டார். சட்டையெல்லாம் ரத்தம், கன்னத்தில் தழும்பு, முறுக்கு மீசை. மைக்கில் யாரோ கத்தினார்கள். இது ஷூட்டிங், மதுரைக்கு இன்னும் வெகுதூரம் என்று தெரிந்ததும் சௌதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். நீலம் பாரித்திருந்தது. அரிவாளைப் போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு சினிமா கம்பெனி வேனுக்கு ஓடினார்.

மேக்கப்பைக் கலைக்கவும் நேரமில்லை. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் நேரே அவரிடம் வந்து படுக்கச் சொன்னார்கள். "எனக்கில்லய்யா, பிள்ளைக்கு!" என்று அவர் போட்ட சத்தம் சௌதாவின் காதில் இன்னும் இருக்கிறது. பிள்ளையோடு உள்ளே போன சௌதா வெளியே வந்து பார்த்தபோது வேனும் இல்லை, ஆளும் இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. "செத்த பிந்தியிருந்தா எம்பிள்ள இல்லன்னுட்டாரு டாக்டரு. அந்த மனுசருக்கு ஒரு வார்த்த சொல்லலையே" என்பதுதான் அன்று முதல் அவர் மனக்குறை. "யா அல்லா, அந்த அருவாக்கார அண்ணன நல்லா வையி" என்று தொழுகைதோறும் துஆ கேட்பார்.

பிற்பாடு மதுரைக்குப் பலமுறை போய்விட்டார். "நெச மதுரையில எளநிக்காரன் கையிலதாம்மா அருவாளப் பாத்தேன்" என்பார். சீரியலில் மதுரை வந்தால் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "இது பொய் மதுரை. பின்னாடி பாரு, நம்ம மலை." ஆனால் பொய் மதுரையை யாரும் பழிக்க விடமாட்டார். அவர் பிள்ளையைப் பிழைக்க வைத்த ஊர் அது.

சுற்றுவட்டாரத்தில் எங்கே ஷூட்டிங் என்றாலும், வத்திராயிருப்பு மாந்தோப்பாக இருந்தாலும், தூக்குச்சட்டியில் நெய்ச்சோறோடு கிளம்பிவிடுவார். ஊர் திரும்பிவிட்ட ஹபீப் ரகுமான், "ஒங்கண்ணனத் தேடியே எம்பெட்ரோலு தீருது" என்று முனகிக்கொண்டே வண்டியை எடுப்பார்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சீரியல் எடுத்தார்கள். சௌதா ஒவ்வொருவராக நிறுத்தி, கன்னத்தில் தழும்பும் முறுக்கு மீசையும் வைத்த ஆளை விசாரித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த, மழமழவென்று சவரம் செய்த வயதான ஸ்டண்ட் நடிகர் ஒருவர் தலையைத் தூக்கினார். பெயர் வேலுசாமி.

"யம்மா, கிருஷ்ணன்கோவில்ல பஸ்ஸவிட்டு எறங்குனது நீங்களா?"

சௌதா திரும்பிப் பார்த்தார்.

"அது ஒட்டு மீசைம்மா, தழும்பும் மேக்கப்பு. வேன்ல உங்க பிள்ள பிடிச்ச பிடியில பாதி பிஞ்சு அவன் கையோட போயிருச்சு, அழுத அழுகையில நீங்க கவனிக்கல" என்று சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "உள்ள வந்து கேக்கப் பயந்துக்கிட்டுத்தான் அன்னிக்குக் கெளம்பிட்டேன். பிள்ள... பொழச்சுக்கிட்டானா?"

சௌதா செல்போனை எடுத்து, சேத்தூரில் பைக் மெக்கானிக்காக இருக்கும் ஆபித்தைக் கூப்பிட்டார்.

"ஏலே, என்னமாச்சும் பேசுலே" என்று மட்டும் சொல்லி, போனை வேலுசாமியின் காதில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.