பீப்பாய் நிறைந்துபோன நாள்

எசெக்ஸில் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பழத்தை லண்டன் எட்மண்டனுக்குக் கொண்டுவந்து, ஒரு வாடகைக் கொட்டிலில் வைன் ஆக்குகிறோம். இங்கிலாந்தில் வைனா என்று சனம் சிரிக்கும். சிரிக்கட்டும்.

அன்று மகனும் மருமகளும் பழம் பிடுங்கப் போய்விட்டார்கள். கொட்டிலில் காவலுக்கு நான். பீப்பாயில் வைன் குறைந்தால் காற்றுப் புகுந்து எல்லாம் புளித்து வினாகிரி ஆகிவிடும், உடனே போன் எடுங்கோ என்று மகன் சொல்லியிருந்தான்.

மத்தியானம் பார்த்தால், போன வருடத்து வைன் முழுவதும் கிடக்கிற பெரிய பீப்பாயின் அடியில் ஒழுக்கு. துணியை அடைத்தேன். நிற்கவில்லை. மகனுக்குப் போன் எடுத்தேன்.

“தம்பி, பீப்பாய் நிறைஞ்சு போகுதடா!”

“நல்லதுதானே அம்மா. வையுங்கோ, வேலை கிடக்கு.”

போனை வைத்துவிட்டான். ஊரில் எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தாலும் தீர்ந்தது என்று அவச்சொல் சொல்ல வாய் வராது; நிறைந்துவிட்டது என்போம். அவன் லண்டனில் வளர்ந்த பிள்ளை. இங்கே ஒரு மூட்டை தீருமுன்பே அடுத்தது வந்துவிடுகிறது. அந்தச் சொல்லை அவன் எங்கே கேட்டிருப்பான்?

ஒரு கையால் துணியை அழுத்திக்கொண்டு மறுபடி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விரலிடுக்கால் வைன் வழிந்தது. கடைசியில் எடுத்தான். அந்த அவச்சொல்லைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

“ஒழுகுது தம்பி. முடியப்போகுது.”

ஓடிவந்தான். மிச்சத்தை ஸ்டீல் தாங்கிக்குள் ஊற்றி, ருசி பார்த்தான்.

“புளிக்கேல்லை. பாதி தப்பீட்டுது. இனி நேராச் சொல்லுங்கோ அம்மா.”

“நேராத்தான் சொன்னனான். உனக்குத்தான் தமிழ் விளங்கேல்லை.”