பாதிப் படத்துக்குப் பூ

வெள்ளிக்கிழமை காலையில் பசாருக்குப் போனால் முதலில் பூதான் வாங்குவேன். பூக்காரி சரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "முழுப் படத்துக்கா அண்ணே?" என்பாள். "பாதிக்குப் போதும்லா" என்பேன். "பாதிப் படத்துக்குப் பூ போடற ஆள இந்தப் பினாங்குலேயே உங்களத்தான் பாக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே நறுக்கித் தருவாள். என் மனைவியின் படத்துக்குத்தான். அதில் அவள் வலது ஓரமாக இருக்கிறாள். இடது பாதி வெறும் நீலம். பூ அவள் பக்கம் மட்டும் தொங்குவதற்கென்று தனியாக ஓர் ஆணி அடித்திருக்கிறேன்.

அந்தப் படத்தைச் செய்து கொடுத்தவர் டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஓர் அம்மா. ஐம்பது வயதிருக்கும். நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். பால் சேர்க்காத கோப்பி ஓ என்றால் அவருக்கு உயிர். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிப் போனால் வேலை சீக்கிரம் நடக்கும். மனைவி தவறியபோதும் வாங்கித்தான் போனேன், கை பழக்கத்தில். பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும். அவள் தெளிவாக விழுந்தது உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம் ஒன்றில்தான்.

தங்கச்சி மவுசைப் பிடித்து அவளைச் சுற்றிக் கோடு போட்டார். கோடு புள்ளி புள்ளியாகி, சர்க்கரையைச் சுற்றும் எறும்பு மாதிரி ஓடியது. "முடியிலதான் அண்ணே நேரம் போவும்" என்று ஒவ்வொரு இழையாகப் பார்த்துப் பார்த்து ஓரத்தை அழித்தார். பிறகு கல்யாணக் கூட்டம் முழுவதும் போய்விட்டது. திரையில் வெறும் நீலத்தின் மேல் அவள் மட்டும் இருந்தாள், எதற்கோ சிரித்தபடி. அந்தக் கையோடு தங்கச்சி அவள் தாடையிலிருந்த எண்ணெய் தெறித்த தழும்பையும் துடைத்துவிட்டார். எனக்குப் பதறிவிட்டது.

"ஐயோ, அது இருக்கட்டும்லா!"

"எல்லாரும் எடுக்கத்தானண்ணே சொல்வாங்க?"

"அது இல்லன்னா எனக்கு வேற யாரோ மாதிரி இருக்கு."

ஒரு தட்டுத் தட்டினார். தழும்பு திரும்பி வந்தது. அழித்தது கூடத் திரும்பி வரும் என்று கண்டதும் எனக்கு ஒரு தைரியம். சட்டைப் பையிலிருந்து என் பழைய துறைமுகப் பாஸை எடுத்து வைத்தேன். "இதுல இருக்கற என்னையும் பக்கத்துல வெச்சிரு தங்கச்சி."

என்னோடு வந்து பின்னால் உட்கார்ந்திருந்த என் மகன் எழுந்துவிட்டான். "மால போடற படத்துல உசுரோட இருக்கற ஆளையா வெப்பாங்க? சும்மா இருங்கப்பா." ரோட்டோரம் நிறுத்திய கெரேத்தாவைப் பார்த்து வருகிறேன் என்று வெளியே போனான். அவன் சொன்னதும் நியாயம்தான். நம் ஆட்களில் யாரும் அப்படி வைப்பதில்லை.

அவன் போனதும் தங்கச்சியிடம் சொன்னேன். எங்கள் கல்யாணப் படம் வெள்ளத்தில் போனது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று ஒரு படம்கூடப் பிடித்ததில்லை. நான் ஷிப்டில் இருப்பேன், இல்லையென்றால் அவள் அடுப்படியில் இருப்பாள்.

அவர் பாஸைக் கையில் எடுத்தார். பாஸ் படத்தை மெஷினில் வைத்துத் திரைக்குக் கொண்டுவந்து, என்னைச் சுற்றியும் எறும்பை ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் நான் அவள் பக்கத்தில் நின்றேன். "உங்களுக்கு முப்பது, அண்ணிக்கு அறுபது. அண்ணி திட்டப் போறாங்க" என்றார். நான் சிரித்தேன். அவள் போன பிறகு முதல் தடவையாக.

அப்புறம் ஓரத்தில் கண் மாதிரி இருந்த ஒரு குறியை அமுக்கினார். நான் மறைந்துவிட்டேன்.

"அழிக்கலண்ணே. உங்கள தனி லேயர்ல வெச்சிருக்கேன். அண்ணி ஒண்ணுல, நீங்க ஒண்ணுல. உங்களுத மட்டும் இப்போதைக்கு மூடிட்டேன்."

எனக்கு லேயர் தெரியாது. கித்தான் தெரியும். துறைமுகத்தில் மழை வந்தால் அரிசி மூட்டைகள் மேல் இழுத்து மூடுவோம். பார்க்கிறவன் கண்ணுக்கு மூட்டை இல்லை. மூட்டை எங்கே போகும்?

"அண்ணிய நடுவுல நகத்தட்டுமா?"

"வேணாம். அங்கேயே இருக்கட்டும்."

பிறகு தங்கச்சி ஜொகூரில் இருக்கும் மகளோடு இருக்கப் போய்விட்டார். போகிற அன்று மூன்று மாடி ஏறி வந்து ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்தார். "மவன்கிட்ட சொல்லி வைங்கண்ணே, நேரம் வரும்போது அந்தக் கண்ண அமுக்கினா போதும்." ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். நான் கோப்பி ஓ ஒரு பைதான் வாங்குகிறேன்.

பென்டிரைவை நூலில் கட்டிப் படத்தின் பின்னால் தொங்கவிட்டேன். மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. போன தீபாவளிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவிலிருந்து வந்தவன், தூசி துடைக்கப் படத்தைக் கழற்றினான்.

"இது என்னாப்பா?"

"அதுல அம்மா பக்கத்துல நான் இருக்கேன்."

என்னைப் பார்த்தான். நீலப் பாதியைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "என்னா செய்யணும்?" என்று மட்டும் கேட்டான். கண் குறியைப் பற்றிச் சொன்னேன். படத்தின் கண்ணாடியைத் துடைத்தான். நூல் இளகியிருந்தது, அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு மாட்டினான். பாலத்தில் ஜாம் ஆகிவிடும் என்று சாப்பிட்டதும் கிளம்பிவிட்டான்.

இந்த வெள்ளிக்கிழமையும் பூக்காரி கேட்டாள். பாதி என்றேன். ஒருநாள் எனக்கும் சேர்த்து முழுப் படத்துக்கு வாங்க வேண்டியவன் பாலம் தாண்டி வர வேண்டும்.