முன் ஏரில் கிழட்டு மாடு

இன்று அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், என்னைத் தெரியுதுங்களா? உங்க டிரெய்னிங்ல உக்காந்தவன். இப்ப சிமெண்ட் ஆலையில மேனேஜரா இருக்கேன்."

முகம் நினைவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். பேச ஆள் கிடைப்பதே அபூர்வம்.

"மெதுவா நடக்கற மாட்டை முன் ஏர்ல பூட்டணும்னு சொல்வீங்களே, அதத்தான் எங்க ஆளுங்ககிட்ட இன்னும் சொல்லிட்டிருக்கேன் சார்."

1940களில் திருமானூரில் எங்கள் அப்பா அப்படித்தான் உழுவார். நாலு ஏர் வரிசையாகப் போகும். கிழட்டு மாடுகள் முன்னால். அப்போதுதான் யாரும் பின்தங்க மாட்டார்கள் என்பார். அதை வைத்தே கம்பெனி கம்பெனியாகப் போய் மேனேஜர்களுக்கு வகுப்பெடுத்துக் காலத்தை ஓட்டிவிட்டேன்.

"வாங்க சார், பேசிக்கிட்டே போவலாம்" என்றவர், விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

எனக்குத் தொண்ணூறை நெருங்கும் கால்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அவருடைய பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலில் ஆட்டிய கை மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டு யோசிக்கிறேன். வரிசையில் போனால் முன் ஏர், பின் ஏர் என்று பெயர் உண்டு. தனியாக ஓடும் ஏருக்கு என்ன பெயர்?

உழவு தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். இங்கேதான் இருக்கிறேன்.