சில்வர் பெயிண்ட் அடித்த ஹாரோ

கவுண்டரின் மேல் அவர் முதலில் வைத்தது ஒரு வெள்ளைத் துணி மூட்டை. இஸ்திரி போட்ட சாப்பாட்டு மேசைத் துணி, ஓரத்தில் சிவப்பு நூலால் ஓர் எண் தைத்திருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே மண்ணும் கறுத்த கிரீஸும் அப்பிய பேரிங், குண்டுகள் பாதி நொறுங்கிப் போயிருந்தன. பெங்களூரில் டிராக்டர் கருவிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில்தான் என் காலமெல்லாம் போனது. உடைந்த இரும்பைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார்கள், செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவார்கள், ஒருவர் கட்டியிருந்த லுங்கியிலேயே முடிந்துகொண்டு வந்தார். கஞ்சி போட்ட துணியில் வந்த பேரிங் அது ஒன்றுதான். “துணிய மட்டும் திருப்பிக் குடுத்துடு தம்பி. அதுல இருக்கறது என் நம்பர். இரும்பு போனா போவுது, துணி போச்சுன்னா லாண்டரி சிஸ்டர் என்ன விடமாட்டா” என்றார்.

காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கன் நான். பள்ளியில் அடித்த சிஸ்டர், ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட சிஸ்டர் என்று எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. டிராக்டர் ஓட்டும் சிஸ்டரை அன்றுதான் பார்த்தேன். வைட்ஃபீல்டைத் தாண்டி ஒரு கன்னியர் மடம், அதன் பின்னால் கேழ்வரகு போடும் நிலம், அந்த நிலத்துக்குப் பொறுப்பு இவர். வெள்ளைப் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். ஹாரோ என்பது உழுத நிலத்தின் கட்டிகளை உடைத்து மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும் கருவி. வரிசையாகக் கோத்த இரும்புத் தட்டுகள் டிராக்டருக்குப் பின்னால் உருண்டு வரும். மடத்து ஹாரோவைச் செய்த கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அந்தப் பெயரைச் சொன்னதும் எங்கள் முதலாளி சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

“வாடகைக்கு ஒரு வண்டி பிடிச்சு ஓட்டிடுங்களேன் சிஸ்டர்” என்றேன். “எங்க சுத்தி ஏது தம்பி டிராக்டரு? எல்லாம் கேப் காரும் கம்பெனி பஸ்ஸும்தான் ஓடுது” என்றார். பிறகு கவுண்டரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, விலை கேட்கிற குரலிலேயே சொன்னார்: “எங்க மடத்து மதர் சொல்லிட்டாங்க. இந்த மழைக்கு வெதைக்கலன்னா நெலத்த ஸ்கூல் பஸ் நிறுத்த விட்டுருவாங்களாம். நெலம் இல்லன்னா எனக்கு அங்க என்ன வேல? வயசான சிஸ்டருங்க ஹோமுக்கு அனுப்பிருவாங்க. கட்டில்ல ஒக்காந்து ஜெபமால உருட்டிக்கிட்டே சாக எனக்கு இஷ்டமில்ல.” ஒரு கன்னியாஸ்திரி இப்படிப் பேசிக் கேட்டதில்லை. அதனாலேயே அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வைட்ஃபீல்டுக்குப் பஸ் ஏறினேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் வேறு போக்கிடம் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து வருடம் ஒன்று ஆகியிருந்தது. மகள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பது கோழிக் குழம்பு வாசனை அடுத்த வீட்டிலிருந்து மட்டும் வருகிற நேரம். தனிமை என்பதைப் பெரிய சொல்லாக நினைக்க வேண்டியதில்லை. பூட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்து, காலையில் நாம் வைத்துவிட்டுப் போன டம்ளர் அதே இடத்தில் இருப்பதைப் பார்ப்பது, அவ்வளவுதான்.

கொட்டகையில் ஹாரோவைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தட்டுகளைத் தவிர மேலிருந்து கீழ்வரை பளபளவென்று சில்வர் பெயிண்ட். மாதா சிலை இருக்கும் கெபியின் கம்பிக்கும், வாசல் கேட்டுக்கும், தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கும் அடித்த அதே பெயிண்ட். மடத்துத் திருநாளுக்கு எல்லாவற்றுக்கும் பூசியிருக்கிறார்கள், மிச்சமிருந்ததை ஹாரோவுக்கும் பூசிவிட்டார்கள். கிரீஸ் உள்ளே போகிற நிப்பிள் ஒவ்வொன்றும் பெயிண்டில் அடைத்துக் கிடந்தது. சிஸ்டர் தவறாமல் கிரீஸ் அடித்திருக்கிறார். அது உள்ளே போகாமல் வெளியே வழிந்திருக்கிறது, வழிந்ததைப் பார்த்து வயிறு நிறைந்துவிட்டதென்று துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேரிங் பட்டினியில் செத்திருக்கிறது. சொன்னதும் அவர் முகம் சிவந்தது. “மாட்டுக் கொட்டாய்க்குக்கூட பெயிண்ட் அடிச்சோம். இத மட்டும் விட்டா மனசு கேக்கல தம்பி” என்றார். பிறகு அவரும் சிரித்தார், ஹாரோவின் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்தக் கொட்டகையில் அவர் சிரித்து எத்தனை நாள் ஆகியிருக்குமோ என்று எனக்குத் தோன்றியது.

பேரிங்குக்கு மாற்று கிடைத்துவிட்டது. அளவு எடுத்துக்கொண்டு தேடினால் பேரிங் எங்காவது அகப்படும். அதைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கூடும் விரிசல் விட்டிருந்ததுதான் தலைவலி. பட்டறையில் பற்றவைத்துப் பார்த்தோம், ஆறியதும் அதே இடத்தில் திறந்துகொண்டது. கடைசியில் அத்திபெலேயில் பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம் போவதென்று முடிவாயிற்று. சிஸ்டர் மதரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போனோம். உடைந்த கூடு என் மடியில் இருந்தது, நம்பர் தைத்த துணியில் சுற்றி.

வியாபாரி கூட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இந்த மாடல் எங்கயும் சிக்காது சார். கோலார்ல இல்ல, ஒசூர்ல இல்ல. சும்னே சுத்தாதீங்க.” சிஸ்டர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரும்புக் குவியல்களுக்குள் நடக்க ஆரம்பித்தார். வியாபாரி என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். நெடுநேரம் கழித்து பின்புறத்திலிருந்து குரல் வந்தது. ஆடு வராமலிருக்க வேலியோரம் சாய்த்து வைத்திருந்த துருப்பிடித்த ஹாரோ ஒன்று, அதே கம்பெனி, அதே வார்ப்பு. “அய்யோ, அது ஹாரோன்னே மறந்துட்டேன் சிஸ்டர்!” என்றார் வியாபாரி. நட்டு துருவில் உறைந்துபோயிருந்தது. கேஸ் வைத்துச் சூடாக்கி, ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி வியாபாரியும் நானும் தொங்கிய பிறகுதான் அசைந்தது. கூடு முழுசாகக் கையில் வந்தபோது சிஸ்டர் அதைச் சூடு பார்க்காமல் வாங்கி, விரலைச் சுட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். விரலை ஊதிக்கொண்டே அவர் சொன்னார்: “ஒண்ணா ஜெபிக்கிறோம், ஒண்ணா சாப்பிடறோம். ராத்திரி சாப்பாட்டுல இன்னைக்கி ஒரு நட்டு கழண்டுச்சுன்னு சொன்னா, சரி சிஸ்டர்னு சொல்லிட்டு கொழம்ப தள்ளுவாங்க. தப்பு அவங்க மேல இல்ல. ஆனா என் நாளு பூரா அந்த நட்டுதான தம்பி.” அத்தனை பேர் நடுவில் இருந்துகொண்டு இப்படியும் தனியாக இருக்க முடியுமா என்று ஆச்சரியமாக இருந்தது. என் டம்ளரைப் பற்றி நானும் சொன்னேன். அவர் ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினார்.

அந்த வருடம் மழைக்கு முன் ஹாரோ ஓடியது. கேழ்வரகு முளைத்தது. மதர் சொன்ன சொல் காப்பாற்றினார், சிஸ்டர் அங்கேயே இருந்தார். அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் கடைக்கு வருவார். ஒரு கிரீஸ் நிப்பிள் வாங்குவார், ஒன்றே ஒன்று. ஹாரோவின் முன் வரிசை மண்ணை அள்ளி வீசுவதைப் பற்றி, பின் வரிசை சோம்பேறியாக வருவதைப் பற்றி, ரொம்ப நேரம் பேசிவிட்டுப் போவார். அவர் வாங்கியதையெல்லாம் சேர்த்தால் இன்னும் பல ஹாரோக்களுக்கு வரும். இத்தனை எதற்கென்று நான் கேட்டதில்லை. சனிக்கிழமை காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போகும் பழக்கம் எனக்கும் வந்துவிட்டிருந்தது.

பிறகு முழங்கால் மோசமாயிற்று. டிராக்டரில் ஏற முடியவில்லை. ஒரு சனிக்கிழமை வந்தார், கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கம்போல நிப்பிள் டப்பாவை எடுத்தேன். “இன்னைக்கி ஒண்ணும் வேணாம் தம்பி” என்றார். மாறுதல் வந்துவிட்டது, திருச்சிப் பக்கம் ஹோம். அவர்கள் சபை வழக்கப்படி போகிறவர் ஒரு பெட்டிதான் எடுத்துப்போகலாம். மடத்துச் சாமான் எதையும், ஒரு ஸ்பேனரைக்கூட, தொடக்கூடாது. போன இடத்திலிருந்து பழைய இடத்தைப் பற்றி விசாரிப்பதும் அழகில்லை. இதையெல்லாம் அவர் மழை வருமா வராதா என்பதுபோலச் சொன்னார். நான் “உடம்ப பாத்துக்கங்க சிஸ்டர்” என்றேன். அவர் ஆட்டோவில் ஏறுவதற்கு உதவக்கூட நான் வெளியே வரவில்லை, வந்திருந்தால் கடை வாசலில் நின்று அழுதிருப்பேன்.

இப்போது அந்தக் கடை இல்லை, அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். போன மாதம் மடத்திலிருந்து ஓர் இளம் சிஸ்டர் எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். ஹாரோ நேராக வராமல் ஒரு பக்கமாக இழுக்கிறதாம். மெட்ரோவில் போனேன். நான்கு பக்கமும் அடுக்குமாடி, மாடிகளில் துணி காய்கிறது, நடுவில் அந்த நிலம் உழுது கிடந்தது. பின் வரிசையின் கோணத்தைப் பிடித்திருக்கும் ஆணியை ஒரு துளை தள்ளிப் போட்டேன். நேராக ஓடியது. கையைத் துடைத்துக்கொண்டே பெரிய சிஸ்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“தெரியாதா அங்கிள்? தவக்காலத்துல இறந்துட்டாங்க. நாங்க எல்லாரும் பூச வெச்சோமே” என்றார். பிறகு மரியாதையாக, “நீங்க அவங்களுக்குச் சொந்தமா?” என்று கேட்டார். என்னவென்று சொல்வது? அண்ணன் தம்பி இல்லை, ஒரே பங்குக் கோயில் இல்லை, ஒரே ஊர் இல்லை. ஆள் போனதும் தகவல் சொல்ல வேண்டியவர்களின் வரிசையில் ஹாரோவுக்குப் பார்ட்ஸ் கொடுத்தவனுக்கு இடம் கிடையாது. “இல்லம்மா, கடையில வேல பாத்தேன்” என்றேன்.

அவர் செல்போனை எடுத்து என் எண்ணைப் பெயரோடு சேமித்துக்கொண்டார். “அடுத்த வருஷம் ஏதாவது பார்ட்ஸ் வேணும்னா கூப்பிடறேன் அங்கிள்.”

“ஒண்ணும் வேணாம்னாலும் கூப்பிடுங்க சிஸ்டர்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. “சரிங்க அங்கிள்” என்று சிரித்துவிட்டு டிராக்டரில் ஏறிப் போனார். நிலத்தின் அந்தக் கடைசிவரை போய்த் திரும்பி வரும்வரை, எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாவிட்டாலும், நின்றுகொண்டிருந்தேன்.